பாட்டு எங்கே நிற்கிறது?

சேலம், நாமக்கல் வட்டாரத்து வீடுகளில் கம்பியில்லாமல் பாட்டுக் கேட்கும் கருவிகள் இன்று நான்கு தினுசு. கைப்பேசியோடு இணையும் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று. வீட்டு வைஃபையில் ஓடும் அலெக்ஸா, கூகுள் வகைப் பெட்டி இன்னொன்று. டிவிக்குக் கீழே நீளமாகக் கிடக்கும் சவுண்ட்பார் மூன்றாவது. உள்ளூர் சர்வீஸ் கடையில் அசெம்பிள் செய்து வாங்கி, பிற்பாடு புளூடூத் போர்டு பொருத்திக்கொண்ட ஆம்ப்ளிஃபயர் நான்காவது. நான்கும் வாயடைத்துப் போவதற்குக் காரணங்கள் வேறு வேறு. வீட்டில் நடப்பது மட்டும் எங்கும் ஒன்றுதான்: ஒருவர் தட்டிப் பார்க்கிறார், இன்னொருவர் ரீசெட் பட்டனை அமுக்குகிறார், சில நாளில் பெட்டி பரண் ஏறிவிடுகிறது.

பரண் ஏறும் பெட்டிகள் பலவற்றில் கெட்டுப்போன பாகம் எதுவுமே இருப்பதில்லை. பாட்டு ஒரு நெடுவழி நடந்து வருகிறது. எங்கோ ஒரு சர்வரிலோ பென்டிரைவிலோ கிளம்பி, காற்றில் ஒரு தாவல் தாவி, பெட்டிக்குள் மின் அலையாக மாறி, ஐசியில் பெருகி, ஸ்பீக்கர் காயிலை அசைத்துத்தான் காதுக்கு வருகிறது. எந்த இடத்தில் அது நின்றது என்று தெரியாமல் செய்கிற வைத்தியம் எல்லாம் குருட்டு வைத்தியம். தெரிந்துகொள்ளும் வழியும் கடினமானதல்ல. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதே கைப்பேசியை வேறு ஸ்பீக்கரோடு இணைத்துப் பார்ப்பது. அதே ஸ்பீக்கரில் வேறு கைப்பேசி. புளூடூத்தை விட்டுவிட்டு ஆக்ஸ் வயர். ஆக்ஸ் வயருக்குப் பதில் பென்டிரைவ். ஆக்ஸ் வயரில் பாடுகிற பெட்டிக்கு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு காற்று வழியில்தான் இருக்கிறது. ஆகவே உள்ளே நுழைய வழி அதிகம் உள்ள பெட்டியே சோதிக்க எளிது, பிழைக்கவும் எளிது.

முதலில் பார்க்க வேண்டியது கரண்ட். மேட்டூரில் நீர்மின் நிலையமும் அனல்மின் நிலையமும் ஓடும் மண்தான் இது. இருந்தும் 2012ல் சென்னைக்கு வெளியே மற்ற மாவட்டங்களைப் போலவே இங்கும் பல நாட்கள் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் போனது. வீட்டுக்கு வீடு இன்வர்ட்டர் புகுந்த காலம் அது. இன்று நிலைமை எவ்வளவோ தேவலாம். ஆனாலும் ஈபியின் மாதாந்திரப் பராமரிப்பு நாளிலும், கோடை மழை இடித்துக்கொண்டு வரும் சாயங்காலத்திலும் கரண்ட் போய்ப் போய் வரும். வைஃபை ஸ்பீக்கர் அங்கேதான் தடுக்குகிறது. கரண்ட் வந்ததும் ஸ்பீக்கர் சீக்கிரம் எழுந்து வைஃபையைத் தேடத் தொடங்கிவிடுகிறது. ஃபைபர் மோடமும் ரூட்டரும் எழுந்து இணையத்தைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். சில ஸ்பீக்கர்கள் பொறுத்திருந்து மறுபடி தேடும். சில தேடி அலுத்து அப்படியே நின்றுவிடும். ரூட்டரில் இணைய விளக்கு எரியும் வரை காத்திருந்து, அதன்பின் ஸ்பீக்கரைப் பிடுங்கிச் செருகினால் போதும். இதே தொல்லை அடிக்கடி வரும் வீட்டில் ரூட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்துவிட்டால் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

சார்ஜ் ஏறாத புளூடூத் ஸ்பீக்கரின் கதை இன்னும் வினோதமானது. விலை குறைந்த பல ஸ்பீக்கர்களில் டைப்-சி சாக்கெட் இருக்கும். ஆனால் அந்தச் சாக்கெட்டுக்கு அருகில் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தயாரிப்பாளர் போடாமல் விட்டிருப்பார். இரு முனையும் டைப்-சியாக உள்ள வயரில் சார்ஜர் அந்த ரெசிஸ்டரைத் தேடிப் பார்க்கும். அகப்படாவிட்டால் ஒரு சொட்டு மின்சாரம்கூடத் தராது. விலை உயர்ந்த ஃபாஸ்ட் சார்ஜரில் செருகிய ஸ்பீக்கர் செத்தது போலக் கிடப்பதும், பழைய தட்டை முனை யூஎஸ்பி சார்ஜரில் உயிர் பெறுவதும் இதனால்தான். பழைய சார்ஜர் எதையும் விசாரிக்காமல் 5 வோல்ட்டைக் கொடுத்துவிடும். டைப்-சி வாய் கொண்ட ஸ்பீக்கர் சார்ஜ் ஆகவில்லை என்றால், கடைக்குக் கொண்டுபோகும் முன் வயரை மாற்றிப் பார்ப்பது கட்டாயம்.

பேட்டரியும் பலியாகும். இவற்றில் இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் அயான் செல். முழுசாக ஏறினால் 4.2 வோல்ட். காலியான நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் மின்னழுத்தம் அடிமட்டத்துக்கு இறங்கி, சார்ஜிங் சுற்றே அதை ஏற்க மறுக்கும். ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியைத் தாண்டும் இந்தச் சமவெளியில், தார்சு வீட்டின் கூரைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பரண் லித்தியம் செல்லுக்கு மிக மோசமான இடம். எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜோடு கீழ் அலமாரியில் வைக்க வேண்டும். உடல் உப்பிய செல்லை அமுக்கவோ குத்தவோ கூடாது.

கரண்ட் சரியாக இருந்தால் அடுத்தது காற்று. புளூடூத்துக்கு வித்திட்டது ஸ்வீடனின் லுண்ட் நகரில் இருந்த எரிக்சன் ஆய்வுக்கூடம், ஆண்டு 1994. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை 79 சிறு தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 முறை தடம் விட்டுத் தடம் தாவிக்கொண்டே பாட்டைக் கொண்டுபோவது அதன் நுட்பம். இதே பட்டையில்தான் பழைய வைஃபையும் ஓடுகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் கசிகிறது. இந்தியாவில் இந்தப் பட்டையைக் குறைந்த திறனில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற விதி 2005 ஜனவரியில் வந்தது. அந்த விதி இல்லாவிட்டால் இன்று வீட்டுக்கு வீடு இத்தனை கருவிகள் பாடிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் அலையைப் பழிப்பதற்கு முன் ஆளைத் தேட வேண்டும். பல ஸ்பீக்கர்கள் இயக்கியதும் கடைசியாகப் பழகிய கைப்பேசியைத் தானே தேடிப்போய் ஒட்டிக்கொள்கின்றன. முன்வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் கைப்பேசி ஸ்பீக்கரைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே மகள் கைப்பேசியை எத்தனை முறை தட்டினாலும் இணையாது. அப்பாவின் கைப்பேசியில் புளூடூத்தை அணைத்த மறுகணம் எல்லாம் சரியாகிவிடும். இணைந்துவிட்டது என்று காட்டியும் சத்தம் வராவிட்டால், கைப்பேசியின் புளூடூத் அமைப்பில் அந்த ஸ்பீக்கர் பெயருக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அழைப்புக்கும் பாட்டுக்கும் அங்கே தனித்தனி சுவிட்சுகள் உண்டு. மீடியா ஆடியோ அணைந்திருந்தால் அழைப்பு மட்டும் கேட்கும், பாட்டு கேட்காது. ஒலி அளவு கைப்பேசியில் ஒன்று, ஸ்பீக்கரில் ஒன்று என இரண்டு இடத்தில் இருப்பதும், ஆக்ஸ் வயர் செருகியபடி இருந்தால் பல பெட்டிகள் புளூடூத்தைக் கைவிட்டுவிடுவதும் அடிக்கடி மறந்துபோகிற சங்கதிகள். இவை எதிலும் தீராவிட்டால் இரண்டு பக்கத்திலும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால், பழைய சாவியை வைத்துக்கொண்டு மறுபக்கம் முரண்டு பிடிக்கும்.

வைஃபை பெட்டிக்கு வந்தால், வீடு கட்டிய விதமே ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுகிறது. ஓட்டு வீட்டில் தாராளமாகப் பரவும் அலை, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது இளைத்துவிடும். இரும்பு பீரோவும் எவர்சில்வர் பாத்திர அடுக்கும் அதைத் திருப்பி அடிக்கும். கேபிள்காரர் ஃபைபர் இழுத்துவரும் நாளில் வயர் எங்கே எட்டுகிறதோ அங்கேதான் ரூட்டர் குடியேறுகிறது. பெரும்பாலும் அது டிவிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிய இடம். சமையலறை ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடுவதற்கு இது போதும். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, டிரான்சிஸ்டரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் இரைச்சல் குறையும் என்று கைப்பழக்கத்திலேயே அறிந்திருந்தது. உள்ளே இருந்த ஃபெரைட் தண்டு ஒரு திசையில் நன்றாகவும் இன்னொரு திசையில் மோசமாகவும் அலையை வாங்கும். ரூட்டர் விஷயத்திலும் அந்த அக்கறை வேண்டும். அதை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, நடுக்கூடத்தில் ஆள் உயரத்தில் வைத்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி பெரும்பாலும் இணைப்புப் பெயரில் கிடக்கிறது. விலை குறைந்த ஸ்பீக்கர்கள் சிலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அவற்றின் பட்டியலிலேயே தோன்றாது. கீழ்வீட்டில் ஒரு ரூட்டரும் மாடியில் இன்னொரு ரூட்டரும் வைத்த குடும்பங்களில், கைப்பேசி மாடி வைஃபையிலும் ஸ்பீக்கர் கீழ் வைஃபையிலும் இருக்கும். இரண்டிலும் இணையம் ஓடும், ஆனால் ஒன்றை ஒன்று பார்க்காது. கைப்பேசி வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு நழுவியிருந்தாலும் இதே கதிதான். ரூட்டரின் கடவுச்சொல்லை மாற்றியவர், அதை ஸ்பீக்கருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுவது இன்னொன்று.

மொழியும் ஒரு தடை. அலெக்ஸா இந்தியாவுக்கு வந்தது 2017ல்; ஆங்கிலமும் பிறகு இந்தியும் பேசக் கற்றது. ஆத்தூர்ப் பாட்டி தன் தமிழில் பழைய பாட்டொன்றின் முதலடியைச் சொன்னால், அது ஆங்கிலச் செவியில் விழுந்து வேறு ஏதோவாக மாறிவிடுகிறது. கருவி பழுது என்று வீட்டார் நினைப்பார்கள். பாட்டிக்குப் பிடித்தவற்றை ஒரு பிளேலிஸ்ட்டாகச் சேர்த்து, அதற்கு எளிய ஆங்கிலப் பெயர் வைத்துவிடலாம். அதுவரைக்கும் சரி. ஆனால் கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்கு வீட்டு ஸ்பீக்கரில் முழு இடம் தராமல் இருப்பது கருவி செய்பவரின் குறை, பாட்டியின் குறை அல்ல.

வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு நின்றுபோகிற நாட்கள் உண்டு. 2025 அக்டோபர் 20, தீபாவளி. இந்திய நேரப்படி நண்பகல் 12 மணி தாண்டியதும் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசான் தரவு மையங்களில், இணையப் பெயருக்கு முகவரி தேடித் தரும் அமைப்பு ஒன்று பிசகியது. உலகின் பல பகுதிகளில் செயலிகள் முடங்கின. அலெக்ஸா பெட்டிகளும் பதில் சொல்லாமல் விழித்தன. அதே ஆண்டு மார்ச் 9 அன்று டிவியில் செருகும் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும், ஸ்பீக்கரில் செருகும் குரோம்காஸ்ட் ஆடியோவும் உலகமெங்கும் ஒரே நேரத்தில் நின்றன. பத்தாண்டுக் காலக்கெடு வைத்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று அன்றோடு காலாவதி ஆகியிருந்தது. கருவியில் ஒரு திருகுகூட இளகவில்லை. பதறிப்போய் ரீசெட் செய்தவர்கள்தான் அதிகம் பாடுபட்டார்கள். ரீசெட் ஆன கருவியைப் புதிதாக நிறுவவும் அதே சான்றிதழ் வேண்டியிருந்தது. ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே கேட்டுக்கொண்டது. சில நாட்களில் திருத்தம் வந்து, காத்திருந்தவர்களின் கருவிகள் தாமே எழுந்தன.

இந்த இரண்டு சம்பவங்களும் ஒரு நடைமுறையைத் தருகின்றன. வைஃபை பெட்டி திடீரென ஊமையானால், அதே நாளில் அதே வகைப் பெட்டி உறவினர் வீட்டில் ஓடுகிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும். ராசிபுரத்திலும் நின்று, பரமத்தி வேலூரிலும் நின்றிருந்தால் வீட்டில் யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. ரீசெட் என்பது கடைசியிலும் கடைசி.

பாட்டுச் சேவையே மறைந்துபோவதும் உண்டு. ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. ஸ்பீக்கரோடு இணைத்திருந்த கணக்கு செத்துப்போனால் ஸ்பீக்கர் என்ன செய்யும்? ஒரே கணக்கை இரண்டு பேர் பயன்படுத்தும் வீட்டில் வேறொரு சிக்கல்: லாரியோடு நாக்பூரில் நிற்கும் தம்பி தன் கைப்பேசியில் பாட்டைத் தொடங்கினால், நாமக்கல் வீட்டில் பாடிக்கொண்டிருந்த பெட்டி பாதியில் நின்றுவிடும்.

இணையமே தேவைப்படாத பெட்டிகளுக்கு இங்கே மவுசு குறையாததற்கு இவையும் காரணம். சரிகம நிறுவனத்தின் கேரவான் 2017ல் 5000 பாடல்களை உள்ளேயே பதித்துக்கொண்டு வந்தது. தமிழ்ப் பதிப்பும் உண்டு. அதில் எஃப்எம், பென்டிரைவ், புளூடூத் என்று மற்ற வழிகளும் இருந்தன. ரீசார்ஜ் கடைகளில் பாட்டு ஏற்றித் தரும் பென்டிரைவும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பென்டிரைவ் பாடாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதன் ஃபார்மேட்டை. சாதாரணப் பெட்டிகள் பலவற்றுக்கு ஃபேட்32 மட்டுமே புரியும். 64 ஜிபி, 128 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் வேறு ஃபார்மேட்டில் வரும். கணினியில் சத்தமாகப் பாடும் டிரைவ் பெட்டியில் ஊமையாவதற்குக் காரணம் இது. பாட்டுகளை எம்பி3 ஆக மாற்றி 32 ஜிபிக்கு உட்பட்ட டிரைவில் போட்டால் பெரும்பாலும் பாடிவிடும். சவுண்ட்பார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம்: டிவியில் எச்டிஎம்ஐ ஆர்க் என்று எழுதிய வாயில்தான் வயரைச் செருக வேண்டும், டிவியின் ஒலி அமைப்பு டால்பியில் இருந்து சவுண்ட்பாருக்கு அது புரியாவிட்டால், பிசிஎம் என்று மாற்ற வேண்டும்.

அதிகம் சொல்ல இருப்பது அசெம்பிள் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி. இது இந்த மண்ணின் கைவேலை. 4440 ஐசி போர்டு, ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், இரும்புத் தகடு கேபினட், அதன் முன்பக்கம் யூஎஸ்பி, எஃப்எம், புளூடூத் மூன்றும் சேர்ந்த சின்ன போர்டு ஒன்று. எடப்பாடி, ஜலகண்டாபுரம், வெண்ணந்தூர், குமாரபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில் தறிச் சத்தத்தை மீறிப் பாட வேண்டியிருப்பதால், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் அங்கே எடுபடாது. பெரிய பெட்டிதான் வேண்டும். அது மௌனமானால் கழற்றிப் பார்க்கவும் ஆள் இருக்கிறார்.

அதற்கென்றே வரும் கோளாறுகள் தெளிவானவை. புளூடூத் போர்டின் ஆன்டெனா அந்தப் போர்டிலேயே வளைந்து வளைந்து போகும் ஒரு செம்புக் கோடு. அதை இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டால் அடுத்த அறையிலிருந்து இணைப்பு அறுந்து அறுந்து போகும். விவரம் தெரிந்த மெக்கானிக் போர்டின் அந்த முனையை முன்பக்க பிளாஸ்டிக்குக்கு நேராகக் கொண்டுவந்து வைப்பார். புளூடூத்தில் மட்டும் கொய்ங் என்று ஒரு ஊளை கேட்டால், காரணம் பெரும்பாலும் பொதுவான கிரவுண்ட். சின்ன போர்டுக்கும் ஆம்ப்ளிஃபயர் போர்டுக்கும் ஒரே சப்ளை போவதால், போர்டின் டிஜிட்டல் இரைச்சல் ஆம்ப்ளிஃபயருக்குள் ஏறிவிடுகிறது. தனிமைப்படுத்திய 5 வோல்ட் கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் போட்டால் ஊளை அடங்கும். கரண்ட் இருக்கும்போது நன்றாகப் பாடி, இன்வர்ட்டரில் ஓடும்போது உறுமுகிற பெட்டிக்கு வைத்தியமே தேவையில்லை. மலிவான இன்வர்ட்டர் தருவது சைன் அலை அல்ல, சதுர அலை; டிரான்ஸ்ஃபார்மர் அதை உறுமலாக்கிவிடுகிறது. பஞ்சு பறக்கும் தறிக்கூடத்தில் வால்யூம் கன்ட்ரோலில் தூசு படிந்து, திருகும்போது கரகரவென்று சத்தம் வந்து ஒரு பக்கம் அடைத்துப்போவதும் சகஜம்.

பழைய மெக்கானிக்குகளின் இரண்டு சோதனைகளுக்கு எந்த அளவீட்டுக் கருவியும் தேவையில்லை. ஸ்பீக்கர் வயர் இரண்டையும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் செல் ஒன்றின் இரு முனையிலும் சட்டென்று தொட்டு எடுப்பார்கள். டக் என்று கேட்டால் காயில் உயிரோடு இருக்கிறது. அடுத்து ஆக்ஸ் வயரை ஆம்ப்ளிஃபயரில் செருகி, அதன் வெறும் முனையை விரலால் தொடுவார்கள். உர்ர் என்று பெட்டி உறுமினால் ஆம்ப்ளிஃபயர் வேலை செய்கிறது. இரண்டும் தேறிவிட்டால் மிஞ்சுவது சில நூறு ரூபாய்க்குள் மாற்றிவிடக்கூடிய புளூடூத் போர்டு மட்டும். கேபினட்டைத் திறந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கம் 230 வோல்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்காமல் வீட்டில் யாரும் அங்கே கை வைக்கக் கூடாது.

விலை உயர்ந்த கம்பெனிப் பெட்டிகளோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் துலங்கும். அவற்றில் பேட்டரி பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். திருகு எங்கே என்று தெரியாது. சிலவற்றில் ஆக்ஸ் வாயே இருக்காது. ஒலித்தரத்தில் அவை உயர்ந்தவை, சந்தேகமே இல்லை. ஆனால் காற்று வழி ஒன்று அடைபட்டால் முழுப் பெட்டியும் பயனற்றதாகிறது. அந்த ஏற்பாடு வாங்குபவருக்குச் செய்யப்படும் அநியாயம்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. உத்தரவாதக் காலத்துக்குள் சர்வீஸ் மறுக்கப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். எந்தப் பொருளை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பெட்டியிலேயே மதிப்பெண் அச்சிடும் யோசனையைப் பரிசீலித்த குழு 2025ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. அதில் முன்னுரிமை பெற்றவை ஸ்மார்ட்ஃபோனும் டேப்லெட்டும். வீட்டு ஸ்பீக்கரின் மேல் அந்த மதிப்பெண் வரும் வரை, கடைக்காரரிடம் பணம் நீட்டும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு. ஆக்ஸ் வாய் இருக்கிறதா? பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா? செயலியும் இணையமும் இல்லாமல் பாடுமா? பழுதானால் சேலத்திலேயே பார்ப்பார்களா, அல்லது பார்சல் கட்டிப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டுமா?